இரண்டு அவுன்ஸ் மண்

டோக்கியோவுக்கு வடக்கே, தொச்சிகி மாநிலத்தில், கனுமா என்றொரு ஊர். அந்த ஊர்ப் பெயரிலேயே ஒரு மண் விற்பனையாகிறது. பெயரில்தான் மண். பையைப் பிரித்து ஒரு கை அள்ளினால் வெளிர் மஞ்சளில், பொட்டுக்கடலை அளவில், எடையே இல்லாத உருண்டைகள். 40,000 ஆண்டுகளுக்கும் முன்னால் அகாகி எரிமலை வெடித்தபோது கக்கிய நுரைக்கல் அது. காற்றோடு வந்து படிந்து, அதன்மேல் வேறு மண் மூடி, தரைக்கடியில் ஒரு மஞ்சள் பட்டையாகக் கிடக்கிறது. தோண்டுகிறார்கள், காயவைக்கிறார்கள், சலிக்கிறார்கள், பையில் அடைக்கிறார்கள். அவ்வளவுதான் தயாரிப்பு.

போன்சாய் உலகத்தில் சட்சுகி என்கிற அசேலியாச் செடிக்குத் தனி மவுசு. பதியன் போட, முற்றியும் முற்றாததுமான ஒரு குச்சியை விரல் நீளத்துக்கு வெட்டி, அடி இலைகளைக் கிள்ளிவிட்டு, இந்தக் கனுமா உருண்டைகளில் செருகி வைக்கிறார்கள். சில வாரங்களில் வேர் வருகிறது. ஈரமாக இருந்தால் உருண்டை அடர் மஞ்சள், காய்ந்தால் வெளுத்துப்போகும். எப்போது தண்ணீர் ஊற்ற வேண்டும் என்பதைக்கூட அதுவே சொல்லிவிடும்.

விசித்திரம் என்னவென்றால், அந்த உருண்டைக்குள் செடி சாப்பிட ஏறக்குறைய ஒன்றுமே இல்லை. தொழுவுரம் கிடையாது, மக்கு கிடையாது, மண்புழு கிடையாது. ‘வளமான மண்’ என்று நாம் எதையெல்லாம் சொல்லி வளர்ந்தோமோ அதில் ஒன்றுகூட இல்லாத ஒரு கல். இன்று ஹைட்ரோபோனிக்ஸ் கடைகளில் விற்கும் பெர்லைட், சுட்ட களிமண் உருண்டை, பாறைக் கம்பளி எல்லாமே இதே ரகம்தான். இந்த வெறுங்கல்லில் ஒரு மரம் ஏன் பிழைக்கிறது? இதற்குப் பதில் தேடிய கதை இரண்டு தனித்தனித் தடங்களில் நடந்தது. ஒன்று ஐரோப்பாவின் ஆய்வுக்கூடங்களில், இன்னொன்று ஜப்பானியத் தோட்டங்களில். ஒரு தடத்தில் நடந்தவர்களுக்கு அடுத்த தடத்தைப் பற்றிப் பெரிதாக அக்கறை இருந்ததாகத் தெரியவில்லை.

*

முதல் தடம் ஒரு வில்லோக் குச்சியில் தொடங்குகிறது.

யான் பாப்டிஸ்ட் வான் ஹெல்மான்ட் பிரஸ்ஸல்ஸைச் சேர்ந்த மருத்துவர், ரசவாதி. மதவிசாரணைக்காரர்களிடம் சிக்கி வீட்டுக்காவலில் எல்லாம் இருந்தவர். அவர் செய்த சோதனை பள்ளிப் பிள்ளைகூடச் செய்யக்கூடியது. 200 பவுண்டு மண்ணை உலையில் காயவைத்து ஒரு பெரிய தொட்டியில் போட்டார். அதில் 5 பவுண்டு எடையுள்ள இளம் வில்லோவை நட்டார். தூசி விழாமல் இருக்க, துளையிட்ட தகர மூடியால் தொட்டியை மூடினார். ஐந்து வருடம் மழைநீரோ வடித்த நீரோ மட்டும் ஊற்றினார். முடிவில் மரத்தைப் பிடுங்கி நிறுத்தால் 169 பவுண்டும் சுமார் 3 அவுன்ஸும். மண்ணை மறுபடி காயவைத்து நிறுத்தார். 200 பவுண்டில் ஏறத்தாழ 2 அவுன்ஸ் மட்டும் குறைந்திருந்தது. (நான்கு இலையுதிர்காலங்களில் உதிர்ந்த இலைகளை நான் நிறுக்கவில்லை என்றும் எழுதிவைத்தார். இந்த ஒரு வரிக்காகவே எனக்கு அவரைப் பிடிக்கும். எதை அளக்கவில்லை என்று சொல்லத் தெரிந்தவன்தான் அளக்கத் தெரிந்தவன்.)

164 பவுண்டு மரமும் பட்டையும் வேரும் தண்ணீரிலிருந்தே வந்தது என்று அவர் முடிவுகட்டினார். அவர் இறந்து நான்கு ஆண்டு கழித்து, 1648இல், மகன் வெளியிட்ட நூலில் இது அச்சானது. முடிவு தப்பு என்று இன்று எட்டாம் வகுப்புப் பாடம் சொல்லிவிடும். மரத்தின் உடம்பில் பெரும்பகுதி காற்றிலிருந்து எடுத்த கரியமில வாயு. இதில் ஒரு வேடிக்கை உண்டு. ‘கேஸ்’ என்ற சொல்லையே உலகத்துக்குக் கொடுத்தவர் இதே ஹெல்மான்ட்தான். 62 பவுண்டு ஓக் மரக்கரியை எரித்தால் 1 பவுண்டு சாம்பல்தான் மிஞ்சுகிறது, மீதி 61 பவுண்டும் கண்ணுக்குத் தெரியாத ஏதோவொன்றாகப் பறந்துவிடுகிறது என்று கண்டு, அதற்கு அவர் வைத்த பெயர் அது. எரியும்போது மரத்திலிருந்து வெளியே போனதைப் பிடித்துப் பெயர் வைத்தவருக்கு, வளரும்போது அதுவே உள்ளே போகிறது என்று தோன்றவில்லை. இரண்டு விடையும் ஒரே வீட்டில் இருந்தன. நடுவில் கதவு மட்டும் இல்லை.

ஆனால் நான் பிடித்துக்கொள்ள விரும்புவது அந்த 2 அவுன்ஸை. கிட்டத்தட்ட 57 கிராம். தேநீர்க்கடைச் சர்க்கரைக் கணக்கில் பத்துப் பன்னிரண்டு ஸ்பூன். ஐந்து வருடத்தில் ஒரு மரம் மண்ணிலிருந்து எடுத்துக்கொண்டது அவ்வளவுதான். ஹெல்மான்ட் அதை நிறுவைப் பிழை என்பதுபோல் கடந்துபோய்விட்டார். அடுத்த இருநூறு ஆண்டுத் தாவர வேதியியல் மொத்தமும் அந்த 2 அவுன்ஸுக்குள்தான் நடந்தது.

1699இல் லண்டனில் ஜான் உட்வர்ட் புதினாக் குச்சிகளை வெவ்வேறு தண்ணீரில் வைத்துப் பார்த்தார்: மழைநீர், ஊற்றுநீர், தேம்ஸ் ஆற்று நீர், ஹைட் பார்க் குழாய் நீர், அதிலேயே தோட்டத்து மண் கலக்கியது. தண்ணீர் அழுக்காக ஆக, புதினா நன்றாக வளர்ந்தது. ஆக, தண்ணீர் மட்டும் இல்லை, அதில் கரைந்து வரும் ஏதோ ஒன்று. அந்த ‘ஏதோ ஒன்று’ தாது உப்புகள் என்று 1840இல் லீபிக் அடித்துச் சொன்னார். 1860களில் யூலியஸ் சாக்ஸும் வில்ஹெல்ம் க்னோப்பும் மண்ணே இல்லாமல், உப்புகளைக் கரைத்த தண்ணீரில் மட்டும் செடிகளை வளர்த்துக் காட்டினார்கள். நைட்ரேட், பாஸ்பேட், பொட்டாசியம், கால்சியம், மெக்னீசியம், கந்தகம், துளி இரும்பு. 2 அவுன்ஸின் பாகப் பட்டியல் ஏறக்குறைய முழுசாகக் கிடைத்துவிட்டது.

ஹெல்மான்ட் நட்டது வில்லோ, உட்வர்ட் வைத்தது புதினாக் குச்சி. இரண்டுமே ஈரம் பட்டால் எளிதாக வேர்விடும் இனங்கள். ஒடித்து வைத்தால் ஒரு வாரத்தில் வேர் எட்டிப் பார்க்கும். முருங்கைப் போத்து மாதிரி. சாக்ஸின் சோதனைகளில் பெரும்பாலும் மக்காச்சோளம், அவரை போன்ற விதைச் செடிகள். முளைவிடும்போதே வேரோடு வருபவை. ஆக, வேர் விடத் தயங்கும் ஒரு குச்சி, அதன் வெட்டுவாயில் அழுகலா வேரா என்று ஊசலாடும் அந்த மூன்று வாரம், வேதியியலாளர்களின் கேள்வியாகவே இருக்கவில்லை. அது தோட்டக்காரனின் கேள்வி.

*

200 பவுண்டில் 2 அவுன்ஸ் போக மீதி மண் அங்கே என்னதான் செய்துகொண்டிருந்தது?

மரத்தை நிமிர்த்திப் பிடித்தது, சரி. தண்ணீரைத் தேக்கி வைத்தது, சரி. மூன்றாவதாக ஒன்று செய்தது. அது கண்ணுக்குத் தெரியாது. காற்றுக்கு வழிவிட்டது. வேரும் மூச்சு விடுகிறது, அதற்கும் ஆக்சிஜன் வேண்டும். ஒரு லிட்டர் காற்றில் சுமார் 270 மில்லிகிராம் ஆக்சிஜன் உண்டு. 25 டிகிரி வெப்பத்தில் ஒரு லிட்டர் தண்ணீரில் அதிகபட்சம் 8 மில்லிகிராம் கரைந்திருக்கும். அந்த எட்டும் நகர்ந்து வேரிடம் வந்து சேரக் காற்றில் ஆவதைப்போல் பத்தாயிரம் மடங்கு நேரம் பிடிக்கும். தொட்டிச்செடிக்குப் பாசத்தோடு தினமும் இரண்டு வேளை தண்ணீர் ஊற்றிக் கொல்கிறோமே, செடி அங்கே தண்ணீர் மிகுதியால் சாவதில்லை. மூச்சுமுட்டிச் சாகிறது.

தொட்டி என்ற ஏற்பாட்டிலேயே இன்னொரு சிக்கல் இருக்கிறது. பாத்திரம் கழுவும் ஸ்பாஞ்சை நனைத்து, உள்ளங்கையில் படுக்கை வசத்தில் வையுங்கள். கொஞ்சம் சொட்டி நின்றுவிடும். இப்போது அதையே நிமிர்த்திப் பிடியுங்கள். மறுபடி சொட்டும். ஸ்பாஞ்சும் அதே, தண்ணீரும் அதே. அடியில் ஓர் அளவு உயரத்துக்குத் தண்ணீரை அது விடாமல் பிடித்துக்கொள்ளும். எவ்வளவு உயரம் என்பது உள்ளே இருக்கும் இடைவெளிகளின் அளவைப் பொறுத்தது. ஸ்பாஞ்ச் நின்றாலும் படுத்தாலும் அந்த உயரம் மாறாது. படுத்திருக்கும்போது மொத்த ஸ்பாஞ்சுமே அந்த உயரத்துக்குள் அடங்கிப்போகிறது, அதனால் முழுக்க ஊறி நிற்கிறது.

தொட்டியிலும் இதேதான். நுண்ணிய மண் என்றால் அடியில் சில சென்டிமீட்டர் எப்போதும் சேறு. ஓரடி ஆழத் தொட்டியில் அதனால் பெரிய நஷ்டமில்லை, வேர்கள் மேலே குடியிருந்துகொள்ளும். போன்சாய்த் தட்டு நான்கைந்து சென்டிமீட்டர் ஆழம்தான். தோட்டத்து மண்ணை அள்ளி அதில் போட்டால் தட்டு முழுக்கவே அந்தச் சேற்று உயரத்துக்குள் மூழ்கிவிடும். அழகுக்காக ஆழமில்லாத தட்டைத் தேர்ந்தெடுத்த கணத்திலேயே போன்சாய்க்காரர்கள் இயற்பியலோடு வம்பை விலைக்கு வாங்கிவிட்டார்கள்.

அதற்கு அவர்கள் கண்ட வழி சல்லடை. கான்டோ சமவெளியின் கரிய மேல்மண்ணுக்குக் கீழே, எரிமலைச் சாம்பல் மக்கி இறுகிய செம்மண் அடுக்கு ஒன்று உண்டு. அதைக் காயவைத்து உடைத்தால் கிடைப்பது அகடமா, ‘சிவப்பு உருண்டை’. போன்சாய்க்காரர் அதை மூன்று நான்கு கண் அளவுள்ள சல்லடைகளில் சலிப்பார். பெரியது தனி, நடுத்தரம் தனி, சிறியது தனி. கடைசியில் அடியில் விழும் மாவை, அதாவது நம்மூர்க்காரர் ‘நல்ல மண்ணு’ என்று ஆசையாக அள்ளும் அந்தத் தூளை, வெளியே கொட்டிவிடுவார். வேதியியலாளர்கள் 2 அவுன்ஸை எடுத்துக்கொண்டு மண்ணைத் தூக்கி எறிந்தார்கள். இவர்கள் 2 அவுன்ஸ் இருப்பதாக நம்பப்பட்ட பொடியைத் தூக்கி எறிந்துவிட்டு இடைவெளிகளை வைத்துக்கொண்டார்கள்.

சாப்பாட்டுக்கு? கடுகுக் குடும்பத்தைச் சேர்ந்த ரேப் வித்தின் புண்ணாக்கை உருண்டை பிடித்து மண்ணின் மேற்பரப்பில் வைத்துவிடுவார்கள். ஒவ்வொரு முறை தண்ணீர் ஊற்றும்போதும் கொஞ்சம் கரைந்து இறங்கும். கீழே உணவில்லாத உருண்டைகள், மேலிருந்து நீர்த்த உணவு. எண்ணிப் பார்த்தால் இது ஹைட்ரோபோனிக்ஸ் இல்லாமல் வேறென்ன? பம்ப் மட்டும்தான் இல்லை. பம்ப்புக்குப் பதில் தினமும் காலையில் குவளையோடு வரும் ஓர் ஆள்.

இதைப் புரிந்துகொள்ள ஜப்பான் வரைக்கும்கூடப் போக வேண்டாம். எந்தப் பழைய கோயில் கோபுரத்தையும் அண்ணாந்து பாருங்கள். சுண்ணாம்புக் காரைக்கும் செங்கல்லுக்கும் நடுவில் ஒரு அரசங்கன்று நின்றுகொண்டிருக்கும். பறவை எச்சத்தில் விழுந்த விதை. ஒரு பிடி மண் கிடையாது. செங்கல் பிடித்து வைத்த ஈரம், விரிசல் கொடுத்த காற்று, மழை கரைத்துக்கொண்டு வந்த உப்பு. இச்சி, அரசு, ஆல் மூன்றும் இந்த வாழ்க்கைக்குப் பழகிய மரங்கள். நம்மூர் போன்சாய்க்காரர்கள் முதலில் கைவைப்பது இவற்றில்தான் என்பதில் ஆச்சரியமில்லை.

*

வேரில்லாத குச்சிக்கு வருவோம். வெட்டிய குச்சியால் உப்புகளை உறிஞ்சிக்கொள்ள முடியாது, அதற்கு வேர் வேண்டும். அது செலவழிப்பது தண்டிலும் இலையிலும் சேமித்து வைத்ததை. அதற்கு அப்போது வேண்டியது மூன்றே: வெட்டுவாயில் ஈரம், அதே இடத்தில் காற்று, பூஞ்சை தொற்றாத சுத்தம். உரம் போட்ட வளமான மண் இந்த நேரத்தில் உபகாரமே இல்லை, உபத்திரவம். மக்கில் வாழும் பூஞ்சைக்குத் திறந்த காயம் ஒரு விருந்து. கனுமா உருண்டையில் ‘ஒன்றுமில்லை’ என்பதுதான் அங்கே அதன் தகுதி.

வேர் எதனால் கிளம்புகிறது என்பதை ஆய்வுக்கூடம் 1920களின் பிற்பாதியில்தான் நெருங்கியது. நெதர்லாந்தின் ஃபிரிட்ஸ் வென்ட் ஓட்ஸ் முளையின் நுனியிலிருந்து ஒரு வளர்ச்சிப் பொருளைப் பிரித்துக் காட்டினார், அதுதான் ஆக்சின். அது நுனியிலிருந்து கீழ்நோக்கி நகர்ந்து வெட்டுவாயில் தேங்குகிறது, தேங்கிய இடத்தில் வேர் முளைக்கிறது. 1935இல் அமெரிக்காவின் பாய்ஸ் தாம்சன் ஆய்வகத்தில் இன்டோல் பியூட்ரிக் அமிலம் அதே வேலையைச் செவ்வனே செய்வதைக் கண்டார்கள். இன்று நர்சரியில் சின்ன டப்பாவில் விற்கும் ‘வேர்ப் பவுடர்’ பெரும்பாலும் அதுதான். அப்படியும் எல்லா மரமும் மசிவதில்லை. இச்சி உடனே, எல்ம் சீக்கிரம், ஜூனிப்பர் பல மாதம். ஜப்பானியக் கறுப்புப் பைன் பெரும்பாலும் கைவிரித்துவிடும். அதை விதையிலிருந்துதான் கொண்டுவர வேண்டும்.

*

‘ஹைட்ரோபோனிக்ஸ்’ என்ற சொல் இதே காலத்தில், 1937இல், அச்சேறியது. கலிஃபோர்னியாவின் பெர்க்லியில் இருந்த வில்லியம் கெரிக்கே, 1929 முதலே தாவர உப்புக் கரைசலை ஆய்வுக்கூட மேசையிலிருந்து இறக்கி விவசாயமாக ஆக்கப் பார்த்துக்கொண்டிருந்தார். கரைசல் தொட்டி, அதன்மேல் கம்பி வலை, வலைமேல் மரச்சுருள் மாதிரியான மெத்தை. அதில் நட்ட தக்காளி 25 அடி உயரம் ஏறியது. ஏணிமேல் நின்று தக்காளி பறிக்கும் படங்கள் பத்திரிகைகளில் வந்தன, நாடே கிறுகிறுத்தது. மண் இனிமேல் எதற்கு?

பல்கலைக்கழகம் அவருடைய செய்முறையைக் கேட்டது. என் சொந்த நேரத்தில், என் வீட்டில் செய்தது, தரமாட்டேன் என்றார் கெரிக்கே. (அலுவலக லேப்டாப்பில் இரவு பத்து மணிக்கு எழுதிய நிரல் யாருக்குச் சொந்தம் என்று வேலை ஒப்பந்தத்தைத் தேடிப் படித்த எவருக்கும் இந்தக் காட்சி புரியும்.) அவர் வெளியேறினார். டென்னிஸ் ஹோக்லண்டும் டேனியல் ஆர்னனும் விஷயத்தைப் பரிசோதிக்க அமர்த்தப்பட்டார்கள். 1938இல் அவர்கள் வெளியிட்ட கையேடு நிதானமானது: நல்ல மண்ணில் கிடைக்கும் விளைச்சலைவிடத் தண்ணீர் முறையில் அதிசயமாக எதுவும் கூடிவிடவில்லை. வெளிச்சமும் வெப்பமும் வைக்கும் எல்லையை இரண்டு முறையாலும் தாண்ட முடியாது. கூடவே, யார் வேண்டுமானாலும் கலக்கிக்கொள்ளும்படி உப்புக் கரைசலின் அளவுகளையும் அச்சிட்டார்கள். இன்றும் ஆய்வுக்கூடங்களில் ‘ஹோக்லண்ட் கரைசல்’ என்றே பெயர். கெரிக்கே இடம் மாறி, 1940இல் தன் புத்தகத்தை வெளியிட்டார். அறிவியல் தரப்பில் ஹோக்லண்ட் சொன்னதுதான் சரி. ஆனால் இன்று மொட்டைமாடியில் கீரை வளர்ப்பவர் உச்சரிக்கும் சொல் கெரிக்கேயினுடையது. கணக்கு ஏதோ ஒருவகையில் நேராகிவிட்டது என்று நினைக்கிறேன்.

இரண்டு தடங்களும் பூகோள ரீதியாகப் பக்கத்தில் பக்கத்தில் வந்தது போருக்குப் பின்னால். 1923 நிலநடுக்கத்தில் டோக்கியோ எரிந்தபிறகு, நகரத்துப் போன்சாய்க்காரர்கள் சிலர் நல்ல நீரும் மண்ணும் காற்றும் தேடி வடக்கே ஓமியாவுக்குப் பெயர்ந்து, 1925இல் தங்களுக்கென ஒரு கிராமத்தை உண்டாக்கியிருந்தார்கள். குடியேற வேண்டுமென்றால் பத்து போன்சாயாவது வைத்திருக்க வேண்டும், மாடி கட்டக்கூடாது, வேலி உயிர்வேலியாக இருக்க வேண்டும், வாசல் எல்லோருக்கும் திறந்திருக்க வேண்டும். எனக்குத் தெரிந்து உலகின் மிகக் கறாரான குடியிருப்போர் சங்கம் இதுதான்.

ஓமியாவிலிருந்து தெற்கே முப்பது கிலோமீட்டர் சொச்சத்தில் சோஃபு. 1945க்குப் பின் ஜப்பானை ஆக்கிரமித்திருந்த அமெரிக்க ராணுவம் அங்கே 22 ஹெக்டேரில் ஹைட்ரோபோனிக்ஸ் பண்ணை அமைத்தது. ஜப்பானிய உழவர்கள் காய்கறிக்கு மனிதக் கழிவை உரமாக இட்டார்கள். பச்சையாக சாலட் தின்னும் சிப்பாய்களுக்கு அதைக் கொடுக்க ராணுவம் பயந்தது. நீளமான தொட்டிகளில் சரளைக்கல்லைக் கொட்டி, அடியிலிருந்து உப்புக் கரைசலை ஏற்றி, பிறகு வடியவிட்டார்கள். கரைசல் வடியும்போது மேலிருந்து புதுக்காற்று கல்லிடுக்குகளில் இழுபட்டு இறங்கும். ஓமியாவில் குவளையால் செய்ததை சோஃபுவில் பம்ப்பால் செய்தார்கள். ஓய்வு நாளில் அதே ராணுவத்து ஆட்கள் ஓமியாவுக்கு வந்து குட்டி மரங்களை வியந்து பார்த்துப் போனார்கள். தட்டுக்குள் இருப்பதும் தங்கள் பண்ணைத் தொட்டியில் இருப்பதும் ஒரே யோசனை என்று அவர்களில் யாருக்காவது தோன்றியிருக்குமா? எனக்கு அப்படிக் கற்பனை செய்ய ஆசை.

*

அதற்குப்பின் வந்த ஹைட்ரோபோனிக்ஸ் ஊடகங்களின் வம்சாவளி வேடிக்கையானது. அவற்றில் பெரும்பாலானவை செடிக்காகப் பிறந்தவையே இல்லை, கட்டடக்காரர்களுடையவை.

பெர்லைட் என்பது எரிமலைக் கண்ணாடி. 900 டிகிரி அளவில் சூடாக்கினால் உள்ளே சிக்கியிருக்கும் ஈரம் ஆவியாகிப் பொரி மாதிரி பொரியும். அதன் முதல் வேலை சுவர்ப்பூச்சு. பாறைக் கம்பளி, உருக்கிய பாறையைப் பஞ்சுமிட்டாய் போலச் சுழற்றி இழையாக்கியது. வீட்டுக்குள் குளிர் வராமல் தடுக்கச் சுவருக்குள் திணிப்பது. 1960களின் கடைசியில் டென்மார்க்கில் அதில் செடி வளர்த்துப் பார்த்தார்கள். சுட்ட களிமண் உருண்டையின் கதை இன்னும் ருசியானது. 1918இல் ஸ்டீபன் ஹெய்டு என்ற அமெரிக்கர், களிமண்ணையும் களிப்பாறையையும் சுழலும் சூளையில் சுட்டு உப்பவைத்து எடையில்லாத ஜல்லி செய்வதற்குக் காப்புரிமை பெற்றார். முதல் உலகப்போரில் இரும்புத் தட்டுப்பாடு. அந்த ஜல்லியைப் போட்டுக் கான்கிரீட்டில் கப்பல் கட்டினார்கள்! அப்படி 1919இல் நீரில் இறங்கிய ‘செல்மா’ என்ற எண்ணெய்க் கப்பல், டெக்சஸின் கால்வெஸ்டன் விரிகுடாவில் பாதி மூழ்கிய நிலையில் இன்றும் கிடக்கிறது. உங்கள் வரவேற்பறை மணிபிளான்ட்டின் கண்ணாடிக் கிண்ணத்தில் கிடக்கும் செம்பழுப்பு உருண்டைகளுக்கு அந்தக் கப்பல் ஒன்றுவிட்ட பெரியப்பா.

போன்சாய்க்கு இவை எல்லாம் சரிப்படுமா? பதியன் போட்டு வேர் வரவைக்கும் கட்டத்தில், தாராளமாக. பெர்லைட்டில் குச்சி நட்டு, மேலே ஒரு பிளாஸ்டிக் மூடி போட்டு, வேர் வந்தபிறகு கால்பங்குச் செறிவில் உப்புக் கரைசல் கொடுத்தால் சாதாரண மண்ணைவிட நிச்சயமான பலன். வெறும் தண்ணீர்ப் பாட்டிலிலும் வேர் வரும், ஆனால் அந்த வேர் நொய்ந்தது, மண்ணுக்கு மாற்றும்போது முரண்டு பிடிக்கும். பாறைக் கம்பளிக் கட்டியில் எனக்கு உடன்பாடில்லை. வேர் அழகாகத்தான் வரும். போன்சாய்க்கு உயிரே அடிமரத்திலிருந்து நாலாபக்கமும் விரியும் வேர்களின் அமைப்பு. அதை நெபாரி என்பார்கள், முதல் இரண்டு மூன்று வருடத்தில் கையால் பிரித்துச் சீராக்க வேண்டிய விஷயம். கம்பளியிலிருந்து வேரைப் பிரிப்பது, கம்பளிச் சட்டையிலிருந்து நெருஞ்சி முள்ளைப் பிரிப்பதுதான். பிரிக்காமல் விட்டாலோ, ஆழமற்ற தட்டின் நடுவில் எப்போதும் ஊறிக்கிடக்கும் ஒரு பஞ்சு மிஞ்சும். பெரிய களிமண் உருண்டையில் வேறு தொல்லை. உருண்டை கோலிக்குண்டு அளவு, குச்சியின் வேர் நூலளவு. இடைவெளி முக்கியம் என்றால், அது வேருக்கு ஏற்ற இடைவெளியாகவும் இருக்க வேண்டும்.

அகடமா அப்படியில்லை. சில வருடத்தில் அது நொறுங்கத் தொடங்கும். வேர் உருண்டையைத் துளைத்து உள்ளே போகும், உருண்டை சிறுக்கும், வேரும் கிளைவிட்டு நுண்ணியதாகும். குறைபோலத் தெரிவதுதான் அதன் குணம். ஆனால் விலை? கடல் தாண்டி வரும் ஒரு பை அகடமாவுக்கு இங்கே கேட்கும் விலையைச் சொன்னால், அம்மா மண்ணுக்கா இவ்வளவு என்று கேட்பார்.

அதற்கு மாற்றும் நம் பக்கத்திலேயே இருந்திருக்கிறது. 1940களின் பிற்பாதியில் வங்காளத்தின் மலைப்பகுதியில், காலிம்போங்கில், ஜேம்ஸ் ஷோல்டோ டக்ளஸ் என்பவர் பம்ப்பும் தொட்டியும் வாங்க முடியாதவர்களுக்கான ஹைட்ரோபோனிக்ஸை உருவாக்க முயன்றார். உடைத்த செங்கல், சரளை, மணல். உப்புகளை உலர்வாக மேலே தூவித் தண்ணீர் தெளிப்பது. 1951இல் ‘வங்காள முறை’ என்ற பெயரோடு புத்தகமாக வந்தது. இன்று சென்னையிலோ கோவையிலோ போன்சாய் வளர்ப்பவர் சுத்தியலோடு உட்கார்ந்து செங்கல்லைப் பட்டாணி அளவில் உடைத்துச் சலித்துக்கொண்டிருந்தால், அவர் கையில் ஓமியாவும் காலிம்போங்கும் ஒன்றாக இருக்கின்றன.

இன்னொன்று தென்னை நார்க்கழிவு. இங்கிலாந்துத் தோட்டக்காரர்கள் 19ஆம் நூற்றாண்டிலேயே பயன்படுத்திப் பார்த்து, பிறகு மறந்துபோன சரக்கு. பொள்ளாச்சிப் பக்கம் சாலையோரம் மலைமலையாகக் குவிந்துகிடந்த கழிவு, இன்று ஐந்து கிலோ கட்டியாக அழுத்தப்பட்டு ஐரோப்பியப் பசுமைக்குடில்களுக்குப் போகிறது. தண்ணீரையும் காற்றையும் ஒருசேரப் பிடித்துவைப்பதில் அதற்கு இணை குறைவு. குச்சி நட பெர்லைட்டோடு பாதிக்குப் பாதி கலந்தால் அருமை. ஆனால் அதில் சோடியமும் பொட்டாசியமும் அதிகம். ஏற்றுமதிக்கு முன் நல்ல தண்ணீரில் திரும்பத் திரும்பக் கழுவ வேண்டும், கால்சியம் நைட்ரேட்டில் ஊறவைக்க வேண்டும். கழுவிய பழுப்புத் தண்ணீர் கிணற்றில் இறங்குகிறது என்ற புகார் அந்த வட்டாரத்தில் பல வருடங்களாக உண்டு. ‘மண்ணில்லா விவசாயம் சுத்தமானது’ என்று சொல்கிறோம். அங்கே சுத்தம்தான். உப்பு இங்கே தங்கிவிட்டது.

*

மண்ணோடு ஒரு செடியை எல்லை தாண்டவிடப் பெரும்பாலான நாடுகள் சம்மதிப்பதில்லை, இந்தியாவும்தான். மண்ணுக்குள் புழுவும் பூஞ்சையும் ஒளிந்து வரும் என்ற பயம். செடி வரலாம், வேரைக் கழுவிக்கொண்டு, நார்க்கழிவு, பெர்லைட் மாதிரி அனுமதிக்கப்பட்ட ஏதாவதொன்றில் உட்கார்ந்து வரலாம். ஊர் மண் மட்டும் வரக்கூடாது. வேலைக்காக நாடு மாறிய நண்பர்களிடம் இதைச் சொன்னால் கொஞ்ச நேரம் பேசமாட்டார்கள்.

வாஷிங்டனில் உள்ள போன்சாய் அருங்காட்சியகத்தில் ஜப்பானிய வெள்ளைப் பைன் ஒன்று இருக்கிறது. 1625 முதல் தட்டில் பழக்கப்பட்டு வருவது. 1976இல், அமெரிக்கச் சுதந்திரத்தின் 200ஆம் ஆண்டுக்கு ஜப்பான் அனுப்பிய 53 மரங்களில் ஒன்றாக வந்தது. கொடுத்தவர் மசாரு யமாகி, ஹிரோஷிமாவின் போன்சாய்க்காரர். வேறெதுவும் சொல்லாமல் கொடுத்தார். 2001இல் அவருடைய பேரன்கள் அந்த மரத்தைப் பார்க்க வந்தபோதுதான் அருங்காட்சியகத்துக்கு விஷயம் தெரிந்தது: 1945 ஆகஸ்ட் 6 அன்று குண்டு விழுந்த இடத்திலிருந்து சுமார் 3 கிலோமீட்டரில், தோட்டச் சுவரின் மறைவில் நின்று பிழைத்த மரம் அது.

பைனுக்கு ஐந்து வருடத்துக்கு ஒருமுறை மண் மாற்றுவார்கள் என்று வைத்துக்கொண்டால், அந்த மரம் இதுவரை எண்பது முறை தட்டிலிருந்து எழுந்திருக்கிறது. ஒவ்வொரு முறையும் மூங்கில் குச்சியால் பழைய மண்ணைச் சுரண்டி, பின்னிய வேரைச் சீவி, முனையைக் கத்தரித்து, சலித்த புதிய உருண்டைகளில் உட்கார வைத்திருப்பார்கள். 1625இன் மண் அதில் ஒரு சிட்டிகைகூட இருக்க வாய்ப்பில்லை, ஹிரோஷிமாவின் மண்ணும்தான். அடுத்த முறை மாற்றும்போதும் பொடியைச் சலித்து வெளியே கொட்டுவார்கள்.